நோய் எங்கிருந்து வந்தது?

கேரளத்தில் மூணாறுக்கு அப்பால் இருக்கும் வட்டவடை பட்டாளத்து ஊர் என்று பேர் எடுத்ததில்லை. மலைச்சரிவைப் படிப்படியாகச் செதுக்கிப் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் விளைவிக்கிற ஊர் அது. காந்தளூரோடு சேர்த்து இதன் பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையாகச் சிப்பாய்களை அனுப்பிப் பேர் வாங்கிய ஊர் என்றால், ஒருவருக்குப் பென்ஷன் உத்தரவு வந்த மறுநாளே அதன் நகல் டீக்கடையில் சுற்றும். எந்த நமூனாவை எங்கே கொடுக்க வேண்டும், எந்த அலுவலகத்தில் எந்தக் கிளார்க் நல்லவர் என்பதெல்லாம் அங்கே தானாகக் காதில் விழும். வட்டவடை, கோவிலூர், கொட்டாக்கம்பூர்ப் பக்கம் பட்டாளத்தை விட்டு உடம்பு கெட்டு வருகிறவருக்கு அந்த வசதி கிடையாது. கேட்க வேண்டியதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். கடைசி ஆள்வரை ஒரு சட்டம் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க இப்படிப்பட்ட ஊர்தான் தோதானது.

பட்டாளத்துக்கும் இந்த மலைக்கும் பழைய உறவு ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சப்பான்காரன் சென்னைக்கு வந்துவிடுவான் என்ற பயத்தில், வெள்ளைக்காரர்கள் கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷனுக்கும் மூணாறுக்கும் ஒரு பாதையைச் சீராக்கி வைத்தார்கள். தப்பித்துக் கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏறுவதற்கான வழி. சப்பான்காரன் வரவில்லை. பாதை மட்டும் மிஞ்சிப் பிறகு அடைபட்டுப் போனது. இன்று பாம்பாடும் சோலையின் வனத்துறைச் செக்போஸ்ட்டைத் தாண்டித்தான் வட்டவடைக்குள் நுழைய வேண்டும். அந்தப் போரில் இந்தியப் படையில் 25 லட்சம் பேர் சேர்ந்தார்கள். அவர்களில் கை கால் இழந்தவர்களுக்காகப் புனேயில் 1944-இல் செயற்கை உறுப்பு மையம் தொடங்கினார்கள். அதற்கும் முன்பே, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-இல், ஊனமுற்ற சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் குயின் மேரி தொழிற்கூடம் வந்துவிட்டது. இப்போது அது புனேயின் கிர்க்கீயில் நடக்கிறது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், 'ஊனமுற்ற சிப்பாய்' என்றதும் நம் மனக்கண்ணில் வருகிறவர் குண்டடி பட்டவர்தான். 1971 போரில் கண்ணிவெடியில் சிதைந்த தன் காலைக் குக்ரிக் கத்தியால் தானே வெட்டிக்கொண்ட இயன் கார்டோசோ பிறகு மேஜர் ஜெனரல் ஆனார். 1965 போரில் முதுகில் குண்டு பாய்ந்த முரளிகாந்த் பேட்கர் 1972-இல் ஹைடல்பர்கில் நீந்தி இந்தியாவுக்கு முதல் பாராலிம்பிக் தங்கத்தை வாங்கித் தந்தார். இவர்களிடம் யாரும் "காயம் எப்படி வந்தது?" என்று கேட்டு நிறுத்துவதில்லை. ஆனால் இயலாமைப் பென்ஷன் கோப்புகளில் பெரும்பகுதி காயத்தைப் பற்றியதல்ல. ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, மனநோய், முதுகுத்தண்டு, இதயம் என்று வெளியே தெரியாத நோய்களைப் பற்றியது. ஊரில் அந்த மனிதர் நடந்துதான் போகிறார், மண்வெட்டியும் எடுக்கிறார். "கை காலெல்லாம் நல்லாத்தானே இருக்கு, பெறகு எதுக்கு அந்தப் பென்ஷன்?" என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேட்பார். டெல்லியிலும் அலகாபாத்திலும் இருந்த அலுவலகங்கள் பல ஆண்டுகள் கேட்டதும் இதே கேள்விதான், இங்கிலீஷில்.

பென்ஷனின் அமைப்பு எளிது. சேவைக்காக ஒரு பங்கு, இயலாமைக்காக ஒரு பங்கு. இரண்டாவது பங்கு கிடைக்க இரண்டு படிகளைத் தாண்ட வேண்டும். நோயோ காயமோ படைச் சேவையால் வந்திருக்க வேண்டும், அல்லது சேவையால் முற்றியிருக்க வேண்டும். மெடிக்கல் போர்டு அதை 20 சதவீதத்துக்குக் குறையாமல் மதிப்பிட வேண்டும். 1961 பென்ஷன் விதிகளின் 173-ஆவது விதி சொன்னது இவ்வளவுதான். இரண்டாவது படியில் சறுக்கியவர்கள் உண்டு. ஆனால் கூட்டம் கூட்டமாக விழுந்தது முதல் படியில்தான். சேவையாலும் வரவில்லை, சேவையால் முற்றவும் இல்லை என்பதை இங்கிலீஷ் முதலெழுத்துகளில் சுருக்கிப் பட்டாளத்தில் 'நானா' என்பார்கள். மெடிக்கல் போர்டு காகிதத்தில் அந்த நான்கெழுத்து விழுந்தால் கதை முடிந்தது. பிறவிக்கோளாறு, உடல்வாகு, பரம்பரை என்று பக்கத்தில் ஒரு சொல் இருக்கும். விளக்கம் இருக்காது.

அன்று இந்தக் காகிதம் வட்டவடைக்கு எப்படி வந்திருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீட்டில் பேசுவது தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், ரெக்கார்ட்ஸ் ஆபீசிலிருந்து வரும் கடிதம் இங்கிலீஷ் அல்லது இந்தி. கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள 1969 ஆட்சிமொழிச் சட்டம் வழி விட்டிருக்கிறது. ஆனால் பட்டாளம் மத்திய அரசு. மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம்தான் கெடு என்ற வரி அந்தக் கடிதத்தின் அடியில் எங்கோ இருக்கும். படித்துச் சொல்ல ஒரு வாத்தியாரையோ போஸ்ட் மாஸ்டரையோ தேட வேண்டும். மழைக்காலத்தில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் இறங்கி மூணாறு போவதே ஒரு நாள் வேலை. அதற்கு அப்பால் மாவட்டத் தலைநகர் பைனாவு, அதற்கும் அப்பால் கொச்சி.

அன்று பென்ஷன் கிடைத்தவருக்கும் நிம்மதி இருக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபரிசோதனை மெடிக்கல் போர்டு என்று ஓலை வரும். ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்க வேண்டும். நோய் குறைந்திருக்கிறது, 20 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது என்று அவர்கள் எழுதினால் இயலாமைப் பங்கு நின்றுவிடும். மருந்து சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டவன் அதற்கு அபராதம் கட்டிய கதை. இதை நிறுத்தியது ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2001 பிப்ரவரியில் வந்த உத்தரவு. அதற்குப் பிறகு, நிரந்தர இயலாமை என்றால் போர்டு சொல்லும் சதவீதம் ஆயுளுக்கும் நிற்கும், சம்பந்தப்பட்டவரே கேட்டால்தான் மறு ஆய்வு. இயலாமைப் பென்ஷன் வரலாற்றில் இவ்வளவு பெரிய நிவாரணம் வேறில்லை என்பது என் எண்ணம். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

அதே ஆண்டு ஜனவரி உத்தரவு இன்னொன்றும் செய்தது. 50-க்குக் குறைந்த சதவீதத்தை 50 என்றும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 என்றும், 76-க்கு மேல் உள்ளதை 100 என்றும் உயர்த்திக் கணக்கிடச் சொன்னது. 1996 ஜனவரி முதல் இது செல்லும். மெடிக்கல் போர்டு டாக்டர்கள் சதவீதத்தைக் கஞ்சத்தனமாகப் போடுகிறார்கள் என்பதை அரசே மறைமுகமாக ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 100 சதவீத இயலாமைக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம் என்பது விகிதம். கடைசியாக 40,000 ரூபாய் வாங்கிய சிப்பாய்க்கு 20 சதவீத இயலாமை என்றால் மாதம் 2,400 ரூபாய் வரும். 50 என்று உயர்த்தினால் 6,000. மேலே அகவிலைப்படி வேறு. எதிரியோடு நடந்த சண்டையில் காயம் பட்டிருந்தால் போர்க்காயப் பென்ஷன் என்று தனி விகிதம், அது இதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாது.

இந்த உயர்த்தல், உடம்பு கெட்டு இடையில் அனுப்பப்பட்டவருக்கு மட்டும்தான், முழு சேவை முடித்து இறங்கியவருக்கு இல்லை என்று அரசு பிடிவாதம் பிடித்தது. ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை ஒதுக்கிவிட்டு எல்லோருக்கும் உண்டு என்றது. அதே ஆண்டு சுக்விந்தர் சிங் வழக்கில் இன்னொரு வாதத்தை எடுத்துக்கொண்டது. உடம்பு சரியில்லை என்று ஒருவனை நீயே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இயலாமை 20 சதவீதம்கூட இல்லை என்று சொன்னால் எப்படி? அனுப்பியதே 20-க்கு மேல் இருப்பதற்கு அத்தாட்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. நியாயமான பேச்சுதான், ஆனால் இதற்கு உச்சநீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது.

இந்த இரண்டுக்கும் முந்திய தீர்ப்பு தரம்வீர் சிங் வழக்கு. 1985-இல் சிக்னல்ஸ் படையில் சேர்ந்தவர், ஒன்பது ஆண்டுக்குப் பின் 1994-இல் வலிப்பு நோய் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 20 சதவீதம் என்றது போர்டு. ஆனால் உடல்வாகால் வந்தது, சேவையால் அல்ல என்று பென்ஷனை மறுத்தார்கள். 2013 ஜூலையில் உச்சநீதிமன்றம் 1982-இன் தகுதி விதிகளைத் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தது. சேரும்போது செய்த பரிசோதனையில் குறை எழுதப்படவில்லை என்றால் அவன் நல்ல உடம்போடுதான் சேர்ந்தான் என்று கொள்ள வேண்டும். பிறகு கெட்டால் சேவையால் கெட்டது என்று கொள்ள வேண்டும். அப்படியில்லை என்று நிரூபிப்பது அரசின் வேலை, சிப்பாயின் வேலை அல்ல. சந்தேகத்தின் பலன் அவனுக்குத்தான். போர்டு மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும்.

இதில் புதிதாக ஒன்றுமே இல்லை. எல்லாம் 1982-லிருந்து அச்சில் இருந்தது. பார்க்கப்போனால் அன்றும் இன்றும் என்று பேசும்போது மாறியது சட்டம் அல்ல, சட்டத்தைப் படித்த விதம். முப்பது ஆண்டுகள் விதி ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது, கோப்பு வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. கோர்ட்டுக்குப் போகத் தெரிந்தவன் வாங்கினான். மலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவன் 'நமக்கு விதித்தது இவ்வளவுதான்' என்று காகிதத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

கோர்ட் என்ற சொல்லின் தூரமும் குறைந்திருக்கிறது. 2007-இல் சட்டம் வந்து 2009-இல் ராணுவத் தீர்ப்பாயங்கள் வேலையைத் தொடங்கின. சென்னையிலும் கொச்சியிலும் அமர்வுகள் வந்தன. வட்டவடைக்காரருக்குக் கொச்சி. இடையில் ஒரு முட்டுக்கட்டையும் விழுந்தது. தீர்ப்பாயம் கைவிட்டால் உயர்நீதிமன்றம் போகக்கூடாது, நேராக உச்சநீதிமன்றம்தான் என்று 2015-இல் ஒரு தீர்ப்பு வந்தது. சிப்பாய் எங்கே, டெல்லி வக்கீலின் ஃபீஸ் எங்கே? 2023 மார்ச்சில்தான் உச்சநீதிமன்றம் அதைத் திருத்தி உயர்நீதிமன்றக் கதவை மறுபடியும் திறந்துவிட்டது.

அரசு மேல்முறையீடு செய்வதை மட்டும் விடவில்லை. மனோகர் பரிக்கர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது அமைத்த நிபுணர் குழு, சிப்பாய்களோடு அமைச்சகம் நடத்தும் இந்த வழக்குகளைக் குறைக்கச் சொல்லி 2015-இல் அறிக்கை கொடுத்தது. பத்து ஆண்டு கழித்து, 2025 ஜூலையில், தீர்ப்பாயம் கொடுத்த இயலாமைப் பென்ஷன்களை எதிர்த்து அமைச்சகம் போட்டிருந்த ஏறக்குறைய 300 மனுக்களை டெல்லி உயர்நீதிமன்றம் ஒரே அடியாகத் தள்ளுபடி செய்தது. அமைதியான இடத்தில் வேலை பார்க்கும்போது சர்க்கரை நோய் வந்தது என்பதாலேயே அது சேவையால் வந்ததல்ல என்று சொல்ல முடியாது என்று அதே நீதிமன்றம் மார்ச்சில் சொல்லியிருந்தது. சியாச்சினிலிருந்து இறங்கிச் சமவெளிப் பாசறைக்கு வந்த மறுவருடம் நோய் தெரிந்தால், அது சமவெளியின் நோயா? வட்டவடைக் குளிரில் வளர்ந்தவனுக்குக்கூட அந்த உயரம் வேறு உலகம்.

தகுதியில்லாதவர்களும் வாங்கிவிடுகிறார்களோ என்று சந்தேகப்பட அரசின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. 2023-இல் வெளிவந்த தணிக்கை அறிக்கை ஒரு கணக்கைச் சொன்னது. ஓய்வு பெறும் அதிகாரிகளில் ஆண்டுக்கு 36 முதல் 40 சதவீதம் பேர் இயலாமைப் பென்ஷனோடு இறங்குகிறார்கள், அதிகாரிக்குக் கீழே உள்ளவர்களில் 15 முதல் 18 சதவீதம் பேர்தான். பனியிலும் பதுங்குகுழியிலும் கூடுதலாகக் கிடப்பவன் சிப்பாய். விண்ணப்பத்தை எழுதத் தெரிந்தவர் அதிகாரி. தணிக்கையாளர்கள் இதை எப்படிப் பார்த்தார்களோ, எனக்கு இதில் தெரிவது அதிகாரிகளின் பொய் அல்ல, சிப்பாய்களுக்குப் போய்ச் சேராத செய்திதான். டாக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவனின் நோய்க்குக் காகிதம் இருக்கிறது.

அந்த அறிக்கை வந்த அதே 2023-இல், செப்டம்பர் 21-ஆம் தேதி முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறைக்கு வந்தன. வீட்டுக்கு அனுப்பப்படாமல் சேவையை முடித்து இறங்குகிறவரின் இயலாமைப் பங்குக்கு 'பாதிப்பு நிவாரணம்' என்ற புதுப் பேர் வந்தது. நோய்க்கும் சேவைக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டும் என்ற பிடி இறுகியது. பழைய ஓய்வூதியர்களை இது தொடாது, விகிதமும் குறையவில்லை என்று அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. முன்னாள் படையினர் பலருக்கு அந்த விளக்கம் போதவில்லை. எனக்கும் போதவில்லை. 1982 விதி சிப்பாய்க்குச் சாதகமாக இருந்தும் அதைக் கோப்புக்குள் கொண்டுவர இத்தனை வழக்கு ஆனது. சாதகம் குறைந்த விதியைக் கோப்பு எப்படிப் படிக்கும்?

பணம் வரும் வழி மட்டும் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. கருவூலம், அஞ்சலகம், வங்கி என்று அலைந்த காலம் போய், இப்போது ஏறக்குறைய எல்லாப் படைப் பென்ஷனும் 'ஸ்பர்ஷ்' என்ற ஒரே கணினி முறையில் பிரயாக்ராஜிலிருந்து நேராகக் கணக்குக்கு வருகிறது. உத்தரவு, கணக்கீடு, நிலுவை எல்லாம் போனிலேயே பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று காட்டும் சான்றை அக்ஷயா மையத்தில் கைரேகை வைத்துக் கொடுக்கலாம். மண்ணைக் கிளறித் தேய்ந்த விரலை இயந்திரம் ஒப்புக்கொள்ளாவிட்டால், 2021 முதல் முகத்தைக் காட்டியே முடிக்கும் வழியும் இருக்கிறது. வட்டவடை மாதிரி ஊருக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் இந்த முறை வந்த சூட்டில், சான்று பதிவாகவில்லை என்று 2022 ஏப்ரலில் 58,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பென்ஷன் நின்றது. கூச்சல் எழுந்த பிறகுதான் கெடுவை நீட்டினார்கள். பழைய உத்தரவுகளைக் கணினிக்கு மாற்றும்போது இயலாமைப் பங்கு சரியாக ஏறியிருக்கிறதா, 50-க்கு உயர்த்திய சதவீதம் 20 என்றே கிடக்கிறதா என்று ஒவ்வொருவரும் திறந்து பார்ப்பது நல்லது. வீட்டில் படித்த பேத்தி இருந்தால் அவளிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். அந்தக் காலத்து வாத்தியார் வேலையை இன்று பேத்திகள்தான் செய்கிறார்கள்.

இனி போகிறவர்களின் கணக்கு வேறு. 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் அக்னிவீரருக்கு நான்கு ஆண்டு சேவை. அவர்களில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரப் படைக்கு எடுக்கப்படுவார்கள். சேவையால் இயலாமை வந்தால், 100 சதவீதத்துக்கு 44 லட்சம், 75-க்கு 25 லட்சம், 50-க்கு 15 லட்சம் என்று ஒரே தவணை. மிச்சமிருக்கும் மாதங்களின் சம்பளமும் சேவா நிதியும் உண்டு. மாதாமாதம் வரும் பென்ஷன் கிடையாது. 15 லட்சம் பெரிய தொகைதான். ஆனால் 22 வயதில் வலிப்பு நோயோடு ஊர் திரும்புகிற பையனுக்கு இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டு மருந்துச் செலவு இருக்கிறது, மொத்தமாக வரும் பணத்துக்கு வீட்டில் ஆயிரம் செலவு காத்திருக்கிறது. ஆயுள் முழுக்க அகவிலைப்படியோடு ஏறிக்கொண்டே வரும் 6,000 ரூபாயையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அப்போதும் கேள்வி அதேதான்: நோய் சேவையால் வந்ததா?

அதனால் படையிலிருந்து இறங்கப்போகிறவர், வயது இருபத்திரண்டோ நாற்பதோ, மெடிக்கல் போர்டு நடவடிக்கையின் முழு நகலைக் கையில் வாங்காமல் ரயில் ஏறக்கூடாது. எந்த ஊரில் போஸ்டிங்கில் இருந்தபோது நோய் முதலில் தெரிந்தது, அதற்கு முன் எங்கே இருந்தார், சேரும்போது எடுத்த பரிசோதனையில் என்ன எழுதியிருந்தது என்று அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'நானா' என்று விழுந்திருந்தால், பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனநோய் என்று அனுப்பப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கில், காரணம் எழுதாத போர்டின் முடிவு நிற்காது என்று 2025 மே மாதம்கூட உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் மறுத்தால் இரண்டாவது, பிறகு கொச்சித் தீர்ப்பாயம். மாவட்ட சைனிக நல அலுவலகத்தில் விண்ணப்பம் எழுத உதவி கேட்கலாம். 'நானா' என்று விழுந்து, பத்து ஆண்டு சேவை முடியாமல் அனுப்பப்பட்டவருக்கு முன்பெல்லாம் பணிக்கொடை மட்டும்தான் இருந்தது. 2019 ஜனவரி 4-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பணியில் இருந்தவராக இருந்தால், நோயின் காரணம் சேவை அல்ல என்று முடிவானாலும்கூட 'இன்வாலிட் பென்ஷன்' உண்டு என்று 2020 ஜூலையில் உத்தரவு வந்திருக்கிறது. அதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கெடு தாண்டிவிட்டது என்று பழைய காகிதத்தைப் பெட்டியிலேயே விட்டுவிடவும் வேண்டாம். பென்ஷன் மாதாமாதம் விடுபடுகிற பாக்கி என்பதால் தாமதம் ஒன்றே வழக்கைக் கொன்றுவிடாது என்று 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனால் பின்னோக்கிக் கொடுக்கும் நிலுவையை மனுப் போடுவதற்கு முந்திய மூன்று ஆண்டோடு நிறுத்தியதும் அதே தீர்ப்புதான். அதைக் காட்டிப் பல வழக்குகளில் பழைய நிலுவையை வெட்டியிருக்கிறார்கள்.